கழுதையின் இடது இமை

உட்காருங்கள் தம்பி. அங்கே வேண்டாம், மரத்தூள் ஒட்டிக்கொள்ளும். இப்படி நாற்காலியில் உட்காருங்கள். நாகர்கோவிலில் இருந்து சிலை, சுரூபம் செய்கிற ஆளைக் கூட்டிவரப் போகிறார்கள் என்று நேற்றே என் காதுக்கு வந்துவிட்டது. கழுதையின் இடது இமையைத் தூக்கிவிடச் சொல்லி பங்குப் பேரவை உங்களை அனுப்பியிருக்கிறது. அதுதானே? அது நடக்காது. வெயிலில் வந்திருக்கிறீர்கள், காப்பி தருகிறேன், குடித்துவிட்டுப் போகலாம். ஆனால் அது நடக்காது.

இல்லை, நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம். பேசுகிறவர்கள் எல்லாம் பேசி முடித்துவிட்டார்கள். இந்த ஊரில் இன்னும் பேசாமல் இருப்பது நானும் அந்தக் கழுதையும்தான். அது பேசாது. ஆகவே நான்தான் பேச வேண்டும்.

எங்கள் கோயிலில் கிறிஸ்துமஸ் குடில் என்றால் சின்ன விஷயம் இல்லை. முற்றத்தில் கொட்டகை போட்டு, ஓலை வேய்ந்து, வைக்கோல் பரப்பி, ஒரு பக்கம் ஓடைகூட வெட்டித் தண்ணீர் விடுவார்கள். மாடு, ஆடு, இடையர்கள், எல்லாம் ஆள் உயரம். இந்தத் தடவை புரட்டாசியிலேயே மச்சில் இருந்து இறக்கும்போது பழைய பிளாஸ்டர் கழுதையின் தலை கழன்று விழுந்துவிட்டது. ஈரம் ஏறிப்போயிருந்தது. புதிதாக வாங்கலாம் என்று கூட்டத்தில் பேசினார்கள். நான் பின்வரிசையில் இருந்து எழுந்து, தலையை நான் செய்து தருகிறேன், மரத்தில், என்றேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். திரேசம்மாள்தான் கேட்டாள். என் வீட்டுக்காரரின் தங்கை அவள்.

"எதை வச்சுச் செய்வீங்க மைனி?"

மிஷினை வைத்து என்றேன்.

அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. நான் கல்லூரியில் தமிழ் படித்தவள்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கட்டிக்கொண்டது தச்சரை. இந்தப் பட்டறையில் முப்பது வருஷம் நின்றிருக்கிறேன். முதலில் உப்புத்தாள் போட்டேன். அப்புறம் கிரைண்டர் பிடித்தேன். அப்புறம் அவர் நிலை அறுத்தால் நான் சன்னல் அறுப்பேன். அவர் இப்படிப் பிடி, அப்படிப் பிடி என்று சொல்லித் தந்ததே இல்லை. அவர் எதையுமே சொல்ல மாட்டார். அம்புறோஸ் என்று பெயர். எங்களுக்குள் பேச்சு குறைவு. சண்டையும் இல்லை, பேச்சும் இல்லை. இரண்டு மிஷின் ஓடுகிற இடத்தில் என்ன பேசுவது? சாப்பிட வா என்பதற்குக்கூட விளக்கை அணைத்துப் போடுவேன், அவ்வளவுதான். அவர் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அதைப் பற்றி ஒன்றுமில்லை. கழுதைக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று சொல்வதற்காகத்தான் அவரைச் சொன்னேன்.

கழுதைக்கு எங்கே போவது? எங்கள் பக்கம் கழுதை ஏது? போனில் படம் பார்க்கலாம். படத்தில் எலும்பு தெரியாது. நல்ல காலம், ஒரு நாள் தெருவில் கழுதைப்பால் விற்கிறவன் வந்தான். குழந்தைக்குச் சளி பிடிக்காது என்று சங்கில் பால் ஊற்றித் தருவார்களே, அவன்தான். நான் டேப்பை எடுத்துக்கொண்டு ஓடினேன். நெற்றியில் இருந்து மூக்கு நுனி, கண்ணுக்கும் கண்ணுக்கும் இடை, தாடை அகலம், காதின் அடிச்சுற்று, எல்லாம் அளந்தேன். அவன் பயந்துபோய், சட்டை தைக்கவா அம்மா என்றான். ஒன்று கவனியுங்கள். பால் கறக்கிற கழுதை. பெண் கழுதை. குட்டியோடு வந்தது. அதை அளந்து செய்த தலை எப்படி ஓர் ஆம்பிளையின் சாயலில் இருக்கும்? இதை நான் பேரவையில் கேட்டேன்.

மரம் அயனி. காற்றில் சாய்ந்த மரத்தில் அவர் ஒரு துண்டு எடுத்து வைத்திருந்தார், எதற்கென்று சொல்லவில்லை, அதுவும் சொல்லவில்லை. நன்றாக உலர்ந்திருந்தது. மரத்துக்குள் உருவம் ஏற்கனவே இருக்கிறது, வேண்டாததை எடுத்தால் போதும் என்று சிலர் அழகாகச் சொல்வார்கள். பொய். மரத்துக்குள் மரம்தான் இருக்கிறது. நடுக்கோடு கிழித்து, இரண்டு பக்கமும் அளவு வைத்து, பெரிய கிரைண்டரில் சங்கிலிப் பல் வைத்த வட்டைப் போட்டு இறங்க வேண்டும். அது மரத்தைச் செதுக்காது, தின்னும். கொஞ்சம் அசந்தால் எகிறிக்கொண்டு முகத்துக்கு வரும். முதலில் பள்ளங்களை மட்டும் எடுக்க வேண்டும். புருவ எலும்பு, மூக்குத் தண்டு, தாடை முனை, இந்த மேடுகளைத் தொடவே கூடாது. மேட்டைத் தொட்டுவிட்டால் திரும்பி வராது. காதைத் தனியாகச் செய்து ஆப்பு வைத்துப் பொருத்தினேன். ஒரே மரத்தில் எடுத்தால் நார் குறுக்கே ஓடும், தட்டினால் உடையும்.

மழைக்காலம் முழுவதும் இதுதான் வேலை. கதவு கேட்டு வந்தவர்களைத் தை பிறக்கட்டும் என்று அனுப்பிவிட்டேன். காதில் மூடி, கண்ணில் கண்ணாடி, வாயில் துணி. வெளியே மழை பெய்ததே எனக்குத் தெரியாது.

கண்தான் கடைசி. பல் டாக்டர் கையில் இருக்குமே, அப்படி ஒரு சின்ன மிஷின். கண்ணுக்கு முதலில் குழி தோண்டுவார்கள் என்று நினைப்பீர்கள். உங்களுக்குத் தெரிந்திருக்கும், நீங்கள் சுரூபம் செய்கிறவர். முதலில் உருண்டை. பிறகு அதன்மேல் இமையை இறக்க வேண்டும், தூங்குகிறவர்மேல் துணியை இழுத்துவிடுவதுபோல. வலது கண் நன்றாக வந்தது. இடது கண்ணுக்குப் போனால், இமைக்கு அடியில் ஒரு கணு. கணுவில் முனை பட்டால் தெறித்துக் கழன்றுவிடும். அதனால் அந்த இமையைத் தடிமனாக விட்டேன். தடிமனாக விட்டால் இறங்கித்தான் இருக்கும். இவ்வளவுதான் தம்பி விஷயம். ஒரு கணு.

அவருக்கும் இடது இமை இறங்கியிருந்தது. நான் மறைக்கவில்லை. கல்யாணத்துக்கு முந்தியே தேக்குச் சில்லு தெறித்ததில் வந்தது. ஊரில் எத்தனை பேருக்கு இமை இறங்கியிருக்கிறது?

தலை கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்திருக்கிறது என்று அடுத்த குற்றச்சாட்டு. அவருக்கு இடது காது மிஷின் சத்தத்தில் மந்தமாகிப் போய், யாராவது கூப்பிட்டால் அப்படித்தான் சாய்த்துப் பார்ப்பார், அதையே செய்து வைத்திருக்கிறாள் என்கிறார்கள். கழுத்துப் பக்கம் மரத்தில் கீறல் இருந்தது. அதைத் தவிர்த்து அறுத்தால் சாய்வாகத்தான் வரும். வாயைச் சுற்றி வெள்ளை என்கிறார்கள். ஊதுவிளக்கால் லேசாகக் கருக்கி, கம்பித் தூரிகையால் தேய்த்தால் மயிர் மயிராக எழும்பும். மூக்கையும் வாயையும் மட்டும் கருக்காமல் விட்டேன். கழுதைக்கு அங்கே வெள்ளைதான். போய் எந்தக் கழுதையையாவது பாருங்கள். அவர் தாடி நரைத்த பிறகு அடிக்கடி சவரம் செய்ய மாட்டார் என்பதற்கு நான் என்ன செய்வது?

சரி. தலையைக் கொண்டுபோய்க் குடிலில் வைத்தேன். பழைய பிளாஸ்டர் உடம்பும் ஈரத்தில் உதிர்ந்துபோனதால் உடம்பு மூங்கிலும் சாக்கும், அதைப் பையன்கள் கட்டியிருந்தார்கள். தீவனத் தொட்டிக்குப் பக்கத்தில், சரியாகக் குழந்தையின் முகத்தில் பார்வை விழுகிற மாதிரி நிறுத்தினேன். அதற்காகத்தான் கண்ணை அந்தக் கோணத்தில் செதுக்கியது. ஆனால் எங்கள் பங்கில் பிறப்புத் திருப்பலி வரை குழந்தை சுரூபத்தைக் கோயில் அலமாரியில்தான் வைத்திருப்பார்கள். அதுவரை தொட்டி காலி. வெறும் வைக்கோல். இவர்கள் பண்ணின பெரிய தப்பு அங்கேதான். குழந்தை இல்லாத நேரத்தில் வந்து கழுதையைப் பார்த்தார்கள். வெறும் தொட்டியை அது பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்தார்கள்.

முதலில் எல்லாரும் கிட்டே வந்து பார்த்துக்கொண்டே நின்றார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. நல்ல வேலையைப் பார்த்தால் அப்படித்தான் நிற்பார்கள் என்று நினைத்தேன். பிறகு டீக்கடை பிலேந்திரன் வாயைத் திறந்தான்.

"டெல்பினுக்க வீட்டுக்காரரு திரும்பி வந்தாச்சு. இந்த மட்டம் காலு நாலு."

சிரித்தார்கள். பெண்கள்கூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவன் அம்புறோஸிடம் பெஞ்சு செய்து வாங்கினவன். அந்த பெஞ்சில் உட்கார்ந்துதான் ஊர் டீ குடிக்கிறது.

அப்புறம் திரேசம்மாள் வந்தாள், கோயில் கூட்டுகிற பெண்களோடு, கையில் விளக்குமாறு. நின்றாள். கழுதையைப் பார்த்தாள். விளக்குமாறு கையில் இருந்து விழவில்லை, ஆனால் அதை எதற்குப் பிடித்திருக்கிறோம் என்று மறந்த மாதிரி நின்றாள். பிறகு என்னிடம் வந்தாள்.

"எனக்க அண்ணனக் கழுதையாக்கிட்டியளே மைனி. உயிரோட இருந்தப்போ அவரு சுமந்தது போதாதா?"

திரேசம்மா, அது கழுதை என்றேன்.

"வெறும் தொட்டியைப் பாக்க வச்சிருக்கியளே. அதையும் அவரு பாத்தது போதாதா?"

அதைச் சொல்லிவிட்டு அழுதாள். எல்லாருக்கும் முன்னால். எங்களுக்குப் பிள்ளை இல்லை, அது ஊருக்குத் தெரிந்ததுதான். அதற்கும் கழுதைக்கும் என்ன? இரண்டு வாரத்தில் தொட்டியில் குழந்தை வந்துவிடும். கழுதை கொஞ்சம் முன்கூட்டியே பார்க்கிறது, அவ்வளவுதானே? அவளுக்கு அண்ணன் போனதில் இருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. சந்தையில் பின்பக்கம் யாராவது அவர் சட்டை நிறத்தில் போனால் பின்னாலேயே போய்விட்டு வருவாள். துக்கத்தை ஒழுங்காக வைத்துக்கொள்ளத் தெரியவில்லை அவளுக்கு. என்னைப் பாருங்கள், நான் வேலையைப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன்.

அன்று சாயங்காலமே பேரவை கூடியது. இறந்துபோனவரைக் கேலி செய்கிற சுரூபம் குடிலில் இருக்கக் கூடாது என்று திரேசம்மாள் சொன்னாள். ஒருவர் கை தூக்கினார், எல்லாரும் தூக்கினார்கள். பங்குச் சாமியார் சின்னப் பையன், இந்த வருஷம்தான் வந்தார், அம்புறோஸைப் பார்த்ததே இல்லை. அவருக்கு அது கழுதையாகத்தான் தெரிந்தது. அவர் முகத்தைப் பார்த்தாலே தெரியும். ஆனாலும் ஊர்ச் சத்தம் ஓய வேண்டுமே. என்னைத் தனியே கூப்பிட்டுத் தன்மையாகத்தான் சொன்னார்.

"ஒரு இமைதானேம்மா. அதை மட்டும் கொஞ்சம் தூக்கிவிட்டுருங்க. அப்புறம் அது யாரும் இல்ல, வெறும் கழுதை."

இப்போதும் வெறும் கழுதைதான் ஃபாதர் என்றேன்.

"அப்ப தூக்குறதுல என்ன இருக்கு?"

படித்த பிள்ளைகளோடு பேசக் கூடாது. சரியென்று வீட்டுக்கு வந்து சின்ன மிஷினை எடுத்துக்கொண்டு போனேன். மைக் செட்டுக்குப் போட்டிருந்த ஒயரில் கரன்ட் எடுத்துக் கொடுத்தார்கள். கூட்டம் கூடிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த நேரம், வெயில். கண்ணாடியை மாட்டினேன். இடது கையைத் தாடைக்கு அடியில் கொடுத்துப் பிடித்தேன். பிடிக்காவிட்டால் முனை வழுக்கும். வெயிலில் நின்றதால் மரம் சூடாக இருந்தது. ஸ்விட்சைப் போட்டேன். முனையை இமைக்குக் கொண்டுபோனேன். கொஞ்சம், ஒரு நூல், எடுத்தால் போதும்.

எடுக்கவில்லை. ஸ்விட்சை அணைத்துவிட்டேன்.

ஏன் என்று கேட்டார்கள். அதே கணுதான். தொட்டால் கழன்றுவிடும், கண்ணே போய்விடும் என்று சொன்னேன். அது உண்மை. நீங்கள் போய் விரலால் தட்டிப் பாருங்கள், அந்த இடத்தில் சத்தம் வேறு மாதிரி இருக்கும். ஃபாதர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணாடிக்குள் தூள் போயிருந்தது, கண்ணில் தண்ணீர் வந்தது. மிஷினே மரத்தில் படவில்லையே, தூள் எங்கிருந்து வரும் என்று பிலேந்திரன் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான். மிஷினில் பழைய தூள் இருக்காதா? அவனுக்கு மிஷினைப் பற்றி என்ன தெரியும்?

தலையைக் கழற்றி ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டேன். இமையைத் தூக்கித்தான் வைக்க வேண்டும் என்றால் வைக்க வேண்டாம். குடிலில் கழுதை இல்லாமல் போனால் போகட்டும். மாடு மட்டும் மூச்சு விட்டுக் குழந்தையைச் சூடாக்கிக்கொள்ளட்டும். இந்த வருஷம் மட்டுமல்ல, நான் இருக்கிறவரை அந்த இமையில் யாரும் கை வைக்கப் போவதில்லை. நீங்களும்தான். நீங்கள் நல்ல வேலைக்காரர் என்று கேள்வி. அதனால்தான் மரியாதையாகச் சொல்கிறேன்.

அதோ, அந்த மேசைமேல், இடுப்பில் கட்டுகிற சாரம் ஒன்றைப் போர்த்தி வைத்திருக்கிறேனே, அதுதான். தூசி படக் கூடாது என்பதற்காகப் போர்த்தினது. இப்போது மிஷின் ஓடுவதில்லையா, பட்டறை ரொம்ப அமைதியாக இருக்கிறது. காலையில் அரிசி களைந்துகொண்டே எதையாவது சொல்வேன். கரன்ட் பில் கூடிப்போனதை, கிணற்றில் தண்ணீர் இறங்கினதை. கல்லூரியில் படித்த பாட்டு ஒன்று முந்தாநாள் முழுசாக நினைவுக்கு வந்தது, அதைச் சொன்னேன். மரத்தோடு பேசாத தச்சர் யாராவது உண்டா? அது நன்றாகக் கேட்கிறது, தலையைச் சாய்த்துக்கொண்டு. முப்பது வருஷத்தில் பேசாத அளவுக்கு இந்த ஒரு வாரத்தில் பேசியிருப்பேன், கழுதையோடு.

என்ன? சொல்லுங்கள். எத்தனை தடவை கையைத் தூக்குவீர்கள், சொல்லுங்கள்.

பேரவை அனுப்பவில்லையா?

பின்னே யார்?

திரேசம்மாளா?

நில்லுங்கள். மெதுவாகச் சொல்லுங்கள். அவள் ஃபாதரிடம் போனாளா? எப்போது? நேற்றா? அவளேவா? என்ன சொன்னாளாம்? கழுதையைத் திரும்ப வைக்கணும். அப்படியே வைக்கணும். இமையைத் தொடக் கூடாது. அவள் இப்படிச் சொன்னதை நீங்கள் உங்கள் காதால் கேட்டீர்களா? ஃபாதரும் சரியென்றுவிட்டார். பேரவை? அவளே சரியென்ற பிறகு பேரவை என்ன சொல்லும், ஆமாம், அதுவும் சரிதான்.

அப்படியென்றால் நீங்கள் எதற்கு?

அச்சு எடுக்கவா?

எதற்கு அச்சு? திருநாள் முடிந்தால் கழுதையை மச்சில் ஏற்றிவிடுவார்கள், வருஷம் முழுக்க இருட்டில் கிடக்கும், அதனால் ஒன்று பிளாஸ்டரில் வார்த்துத் தன் வீட்டில் வைத்துக்கொள்கிறாளாம். நன்றாக இருக்கிறது. ஊர் கூட்டி என்னை அவமானப்படுத்தினவள், இப்போது வீட்டில் மாட்டிவைக்கக் கழுதை கேட்கிறாளா? கழுதைமுகம் எதற்கு அவளுக்கு? சாப்பிடுகிற இடத்துக்கு எதிரே வைப்பாளாம். கேட்டீர்களா கதையை.

தரமாட்டேன். போய்ச் சொல்லுங்கள். அவள் அன்றைக்குச் சொன்னாளே, அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளட்டும். அது கழுதை என்று அவள் வாயால் சொல்லட்டும். அப்புறம் அச்சைப் பற்றிப் பேசலாம். நான் பிடித்த பிடியை விடுகிறவள் இல்லை.

சொல்லிவிட்டாளா?

எப்படிச் சொன்னாள்? அவள் சொன்ன மாதிரியே சொல்லுங்கள், ஒரு வார்த்தை மாறாமல்.

"மைனி கழுதைன்னு சொன்னா கழுதைதான். நீ போயி எடுத்துட்டு வா. இமை மட்டும் அப்படியே வரணும்."

அப்படியா சொன்னாள்.

சரி.

இல்லை, ஒன்றுமில்லை. காப்பி ஆறுகிறது பாருங்கள், குடியுங்கள். கழுதைதான் என்று ஒப்புக்கொண்டாளே, அதுதான் எனக்கு வேண்டியது. இனி எனக்கு யாரோடும் சண்டை இல்லை. இவ்வளவு நாளாக இதற்குத்தான் நின்றேன். ஜெயித்துவிட்டேன் என்றுதானே இதற்குப் பெயர்?

எவ்வளவு நேரம் பிடிக்கும்? அச்சு கழலும்போது மயிர் வேலை சேதமாகாதே? கணு தாங்குமா? நீங்கள் தாங்கும் என்றால் சரி. அது என்ன கேட்கிறீர்கள், எண்ணெயா? பிளாஸ்டர் மரத்தில் பிடித்துக்கொள்ளாமல் இருக்க முகம் முழுக்க எண்ணெய் பூச வேண்டுமா? தேங்காய் எண்ணெய் போதுமென்றால் வீட்டில் இருக்கிறது. இருங்கள், நீங்கள் எழுந்திருக்க வேண்டாம். தூரிகையை உள்ளே வையுங்கள். இமைக்கு அடியில், மூக்கின் இடுக்கில், வாயோரத்தில் எல்லாம் இறங்க வேண்டும், அது விரலால்தான் முடியும். நான் பூசுகிறேன். எனக்குத்தான் அந்த முகத்தில் எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று தெரியும்.

நீங்கள் காப்பியைக் குடியுங்கள் தம்பி. கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்து குடியுங்கள்.